ஓடுகிற தண்ணீர் கழிவைத் தானே சரிசெய்யாது

"மலைத் தண்ணீர் ஓட ஓடத் தானே சுத்தமாகிவிடும், ஊட்டிக்குக் கழிவுநீர் நிலையம் வீண்செலவு, குளோரின் கலந்துதான் விடுகிறார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு.

பாறையில் விழுந்து ஓடும் நீர் காற்றை இழுத்துக்கொள்ளும், அது சரி. ஆனால் ஊட்டி உயரத்தில் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வீட்டுச் சாக்கடையோ, நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்க, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும். ஆக்சிஜன் பற்றாத ஓடையில் மீன் பிழைக்காது. அதிலும் ஏப்ரல், மே சீசனில் கூட்டம் அதிகம், ஓடையில் நீர் குறைவு. குளிர் வேறு நுண்ணுயிர்களின் வேலையை மெதுவாக்கும்.

நிலையத்தில் பெரும்பாடு படுவது குளோரின் அல்ல, அந்த நுண்ணுயிர்கள்தான். தொட்டிக்குள் காற்றை ஊதி அவற்றை வளர்க்கிறார்கள். அந்தப் பழுப்புக் கலங்கலை ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்: கசடு பஞ்சுபோல் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். குளோரின் கடைசியில், கிருமிக்காக மட்டும்.

ஏரி இன்னும் நாறுகிறதே என்றால், குழாயில் சேராமல், ஏரிக்குப் போகும் கோடப்பமந்து கால்வாயில் நேராக விழும் கழிவைக் கேளுங்கள். நிலையத்துக்கு வந்து சேராததை நிலையம் எப்படிச் சுத்தம் செய்யும்?