பக்கக்காற்றில் இறக்கிப் பார்ப்பது வீண் சாகசம் அன்று

பெரிய பயணி விமானங்களைப் பலத்த பக்கக்காற்றில், அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றில், இறக்கிச் சோதிப்பதை வெறும் சாகசம் என்று நான் படித்த கட்டுரை முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் பாயும் மேல்காற்றில் பணகுடியிலிருந்து வள்ளியூருக்கு இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு, காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடிக்காமல் வண்டி நேராகப் போகாது என்பது தெரியும். விமானியும் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி நண்டுபோல் வந்து, சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் வாலில் உள்ள சுக்கானை இயக்கும் மிதியை மிதித்து மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கி, அதே கணத்தில் காற்றுப் பக்கத்து இறக்கை மேலெழாதபடி தாழ்த்திப் பிடிக்கிறார். பிந்தினால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும், முந்தினால் விமானம் ஓடுபாதையின் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

அமெரிக்க விதிகளின்படி, இத்தகைய விமானத்தைத் தயாரிக்கும் நிறுவனம் குறைந்தது 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் பக்கக்காற்றில் இதைச் செய்து காட்டியாக வேண்டும். அத்தகைய காற்றைத் தேடித்தான் ஏர்பஸ் நிறுவனம் 2006இல் ஏ380 விமானத்தை ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்குக் கொண்டு சென்றது. சோதனையில் காட்டப்பட்ட அளவு விமானத்தின் இறுதி எல்லையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் அது சோதனை நாளில் கிடைத்த காற்றின் அளவே. கட்டுரையாளர் இதையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும்.