சிவனொளிபாதமலை: ஒரு மணி நேரமும் இல்லை, எல்லா மாதமும் இல்லை

இலங்கையின் யாத்திரை மலையான சிவனொளிபாதமலை (ஆதாம் சிகரம்) பற்றி ஒருவர் "படி கட்டின மலைதானே, எந்த மாதமும் போகலாம், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

உயரம் 2243 மீட்டர். அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து போகும் பாதையில் மட்டும் சுமார் 5500 படிகள், சராசரி ஆளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் சூரிய உதயம் பார்க்கிறவர்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே ஏற ஆரம்பிக்கிறார்கள். இரத்தினபுரிப் பக்கப் பாதை இதைவிட நீளம். படிகளும் ஒரே அளவில் இருக்காது, ஒன்று கணுக்கால் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் வரை வரும், உச்சியை நெருங்க நெருங்கக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கும்.

மாதம் விஷயம் இன்னும் முக்கியம். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் (பௌத்தர்களின் புத்தர் பிறந்தநாள் பௌர்ணமி) வரை. அப்போது வழியெல்லாம் விளக்கு, தேநீர்க் கடை, கூடவே ஏறும் ஜனம். மற்ற மாதங்களில் தடை எதுவும் இல்லை, ஆனால் விளக்கு எரியாது, கடைகள் மூடியிருக்கும், மழையில் படி வழுக்கும், உச்சியில் மூடுபனி தவிர எதுவும் தெரியாமல் போகலாம். போயே ஆக வேண்டுமென்றால் தலையில் மாட்டும் டார்ச்சும் வழி தெரிந்த ஒருவரும் கட்டாயம்.

அப்புறம், நானும் முதல் தடவை ஏறும்போதுதான் பயந்தேன், உண்மையில் முழங்கால் விட்டுப்போனது இறங்கும்போதுதான். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் வந்ததும் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், மேகத்தின் மேல் மலையின் முக்கோண நிழல் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.