ஸ்போக்குல ப்ரையாரிட்டி 0 போடுங்கய்யா!

மறுபடியும் அதே கான்ஃபிக். ஒரு ஹப் (நடு ஆபீஸ் ரவுட்டர்), மூணு ஸ்போக் (ஹப்போட மட்டும் இணைஞ்ச கிளை ரவுட்டர்), ஃப்ரேம் ரிலே (ஆபீஸ்களை இணைக்கற, இப்போ அருகிப்போன பழைய டெலிகாம் சேவை), நாலு ரவுட்டரும் ஒரே சப்நெட், மேல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பேசி வழி கண்டுபிடிச்சுக்கற ப்ரோட்டோகால்). டிஆர் (டெசிக்னேட்டட் ரவுட்டர், ப்ரையாரிட்டி நம்பரை வெச்சு எலெக்‌ஷன்ல தேர்வாகற சப்நெட் தலைவர்) யாருன்னு கேட்டா, "ஹப்புல ப்ரையாரிட்டி 255 போட்டாச்சு, அவ்வளவுதான்"னு பதில். ஸ்போக் மூணுலயும் டீஃபால்ட் 1 அப்படியே கிடக்கு. எத்தனை தடவைதான் சொல்றது!

ஒரே சப்நெட்ல இருந்துட்டா அது ஈதர்நெட் ஆயிடாதுங்க. ஈதர்நெட்ல ஒருத்தர் கத்தினா எல்லார் காதுலயும் விழும். இங்க பிவிசி (ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல போடற நிரந்தர மெய்நிகர் இணைப்பு) எங்க போகுதோ அங்க மட்டும்தான் கேக்கும். பத்து ஆபீஸை ஃபுல் மெஷ்ல (ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடயும் நேரா இணைச்சு) கட்ட 45 பிவிசி வேணும். காசு கட்டுப்படியாகாதுன்னுதான் 9 பிவிசியோட ஹப் அண்ட் ஸ்போக் போடறோம். அப்போ ஒரு ஸ்போக் பேசறது இன்னொரு ஸ்போக்குக்குக் கேக்கவே கேக்காது. இதை மறந்துட்டு எலெக்‌ஷன் நடத்தினா என்ன ஆகும்?

இதான் ஆகும். பிசிகல் இன்டர்ஃபேஸ்லயே எல்லாம் ஓடுது. ஹப்புக்குக் கரண்ட் போயிடுது. ஸ்போக்ல எல்எம்ஐ (ஃப்ரேம் ரிலே ஸ்விட்சோட நடக்கற நலம் விசாரிப்பு) உயிரோட இருக்கறதால இன்டர்ஃபேஸ் விழாது. ஹலோ (நான் இருக்கேன்னு சொல்ற பாக்கெட்) 30 செகண்டுக்கு ஒண்ணு, டெட் டைமர் (ஹலோ வராட்டி செத்ததா எடுத்துக்கற நேரம்) 120. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஹப் செத்துப்போச்சுன்னு ஒவ்வொரு ஸ்போக்கும் முடிவு பண்ணுது. பக்கத்துல யாரும் கண்ணுல படல, அதனால மூணும் தனித்தனியா "நான்தான் டிஆர்"னு உக்காந்துடுது. அப்புறம் ஹப் எழுந்து வருது. ஏற்கெனவே டிஆர்னு சொல்லிக்கிட்டு இருக்கறவனை ஓஎஸ்பிஎஃப் இறக்கி விடாது, 255 இருந்தாலும் சரி. ஹப் பிடிஆர் (மாற்று டிஆர்) ஆகி, மூணு பேர்ல ரவுட்டர் ஐடி பெரிசா இருக்கறவனை டிஆர்னு ஏத்துக்குது. மத்த ரெண்டு ஸ்போக்குக்கு அது தெரியவே தெரியாது, தன்னையே டிஆர்னு நினைச்சுத் தனித்தனி நெட்வொர்க் எல்எஸ்ஏ (சப்நெட்ல யார் யார் இருக்காங்கன்னு டிஆர் விடற அறிவிப்பு) விடுது. ஹப்போட ரவுட்டர் எல்எஸ்ஏ (தன் லிங்க்குகளைச் சொல்ற அறிவிப்பு) காட்டறது ஒரே ஒரு டிஆரைத்தான். ரெண்டு பக்கமும் பொருந்தாததால எஸ்பிஎஃப் (வழியைக் கணக்குப் போடற அல்காரிதம்) அந்த ரெண்டு கிளையையும் கழட்டி விட்டுடுது. ஹப்புல ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்னு கமாண்ட் அடிச்சா மூணும் ஃபுல் (உறவு முழுசா ஆயிடுச்சுன்னு அர்த்தம்)! ரவுட்டிங் டேபிள்ல ரெண்டு கிளை காணோம். ராத்திரி பூரா லைனைக் குறை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காங்க, லைன்ல ஒரு குறையும் இல்ல.

ஸ்போக் ஒவ்வொண்ணுலயும் ஐபி ஓஎஸ்பிஎஃப் ப்ரையாரிட்டி 0. ஒரே ஒரு வரி. 0 போட்டவன் எலெக்‌ஷன்லயே நிக்க முடியாது. ஹப்புல மட்டும் நெய்பர் கமாண்ட் (ஸ்போக்கோட ஐபியைச் சொல்லிக் கொடுக்கற வரி) இருந்தா போதும்.

அதுக்கப்புறமும் ஸ்போக்குக்கு ஸ்போக் பிங் போகாது. ரவுட்ல நெக்ஸ்ட் ஹாப்பா (பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்க வேண்டிய ரவுட்டரா) இருக்கறது அடுத்த ஸ்போக்கோட ஐபி, இன்வர்ஸ் ஆர்ப் (பிவிசியோட மறுமுனை ஐபியைத் தானா தெரிஞ்சுக்கற முறை) கத்துக் கொடுத்ததோ ஹப்போட ஐபியை மட்டும்தான். உடனே ஃப்ரேம்-ரிலே மேப் ஐபி 10.1.1.3 201னு ஒரு வரி (அடுத்த ஸ்போக்கோட ஐபிக்கு 201ம் நம்பர் பிவிசின்னு கையால எழுதறது) சேப்பாங்க. பிங் போகும், சேவ் பண்ணிட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த டிஎல்சிஐல (பிவிசிக்கு ரவுட்டர் பக்கம் இருக்கற நம்பர், இங்க 201) ஐபிக்கு ஸ்டாட்டிக் மேப் வந்துட்டா இன்வர்ஸ் ஆர்ப் நின்னுடும். ஹப்புக்கு இருந்த பழைய மேப் ரீலோட் வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும், ரீலோட் ஆனதும் ஹப்பே எட்டாது. ஹப்போட ஐபிக்கும் சேர்த்து மேப் எழுதணும், அதே 201ல.

இவ்வளவு பாடும் வேணாம்னா ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் டைப்பை பாயின்ட்-டு-மல்டிபாயின்ட்னு போடுங்களேன்! டிஆர் கிடையாது, எலெக்‌ஷன் கிடையாது, நெக்ஸ்ட் ஹாப் ஹப்புதான். ஹலோ மல்டிகாஸ்ட்ல போறதால மேப் எழுதினா கடைசியில பிராட்காஸ்ட்ங்கற சொல்லைச் சேக்கணும், அவ்வளவே. பார்ஷியல் மெஷ்ஷுக்குன்னே (எல்லாரும் எல்லாரோடயும் நேரா இணையாத அமைப்புக்குன்னே) செஞ்சு வெச்சது இது. ஏன் யாரும் தொட மாட்டேங்கறாங்க?

அப்புறம் அந்த டயக்ராம் வரையறவங்க. ரவுட்டர் படத்துக்கு நடுவுல "டிஎல்சிஐ 102"னு எழுதாதீங்க. அது ரவுட்டரோட நம்பர் இல்லைய்யா! அந்த ஒரு லிங்க்ல, அந்த ஒரு முனையில மட்டும் செல்லுபடியாகற நம்பர். கோட்டோட முனையில எழுதுங்க.