கோடு புதுசு, ஆப்ஜெக்ட் பழசு

ஹாட் ரீலோடு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே புது கோடை ஏற்றும் வசதி) உண்டு என்று சொல்லும் எந்தக் கருவியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கோடைத் திருத்தி சேவ் செய்ததும், ஏற்கெனவே மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்டுகள் என்ன ஆகின்றன?

பைத்தானில் ஒரு மாட்யூலை, அதாவது ஒரு கோடு ஃபைலை, ரீலோடு செய்தால் அந்த கோடு மறுபடி ஓடும், அதே பெயரில் புது கிளாஸ் உருவாகும். பழைய ஆப்ஜெக்டுகளோ பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். அவை புது கிளாஸைச் சேர்ந்தவையா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டுப் பார்த்தால் ஃபால்ஸ் வரும். ஃபைலில் அழித்த ஃபங்ஷன்கூட மாட்யூலுக்குள் கிடக்கும். ரீலோடு பழைய பெயர்களைத் துடைப்பதில்லை. பைத்தானை வரிவரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஐபைத்தானின் ஆட்டோரீலோடு பழைய கிளாஸுக்குள்ளும் புது மெத்தடுகளை ஏற்றிவிடும். ஆனால் ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடில் புதிதாக ஓர் ஆட்ரிபியூட் சேர்த்திருந்தால், பழைய ஆப்ஜெக்டுக்கு இனிட் மறுபடி ஓடாது. புது மெத்தட் அதைத் தேடிப்போய் எரர் அடிக்கும்.

ஆப்களைக் கட்டும் ஃப்ளட்டரிலும் இதே கதைதான். ஆரம்ப நிலையை அமைக்கும் இனிட்ஸ்டேட் மறுபடி ஓடாது. ஸ்டாட்டிக் ஃபீல்டின் ஆரம்ப மதிப்பை மாற்றினால் ஸ்டேட்டை (ஓடும்போது சேர்ந்த மதிப்புகளை) அழித்து ஆப்பை முதலிலிருந்து ஓட்டும் ஹாட் ரீஸ்டார்ட் வேண்டும். வெப் பக்கங்களைக் கட்டும் ரியாக்டின் ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ், ஹுக்குகளின் (ஸ்டேட் வைத்துக்கொள்ளவும் பிறவற்றுக்கும் கூப்பிடும் ஃபங்ஷன்களின்) வரிசை மாறினால் அந்த ஸ்டேட்டைத் தூக்கிப்போட்டுவிடுகிறது. பாதி பழையது, பாதி புதியது என்று வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாதி நிலையில் வரும் பிழை உங்கள் கோடில் இருக்காது, அதை எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது.

காமன் லிஸ்ப் என்ற மொழி இதை 1994 ஆன்சி தரத்திலேயே ஒழுங்காகச் செய்துவிட்டது. கிளாஸை மறுபடி வரையறுத்தால், பழைய ஆப்ஜெக்டின் ஸ்லாட்டை (ஃபீல்டை) அடுத்து யாராவது தொடுவதற்குள் அது புது வடிவத்துக்கு மாறியாக வேண்டும். பெயர் மாறாத ஸ்லாட்டின் மதிப்பு அப்படியே நிற்கும். புது ஸ்லாட்டுக்கு, கிளாஸில் அதற்கு எழுதிய ஆரம்ப மதிப்பான இனிட்ஃபார்மிலிருந்து மதிப்பு வரும். நீக்கிய ஸ்லாட்டுகளின் பழைய மதிப்புகள், நாம் எழுதிக்கொடுக்கக்கூடிய ஒரு மெத்தடின் கையில் வந்து சேரும். எக்ஸ், ஒய் என்றிருந்த புள்ளியைத் தூரம், கோணம் என்று மாற்றுகிறீர்களா? பழைய எக்ஸ், ஒய்யை வைத்து அங்கேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வசதி ஏன் கட்டாயம் என்கிறேன்? 'விலை' என்ற ஃபீல்டை 'தொகை' என்று மாற்றினால், டெக்ஸ்டை மட்டும் பார்க்கும் கருவிக்கு ஒன்று போனது, ஒன்று வந்தது; அவ்வளவுதான் தெரியும். இரண்டும் ஒன்றே என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்ல ஓர் இடம் தராத ஹாட் ரீலோடு முழுமையானதே அல்ல.

அது வரும்வரை, ஸ்டேட்டை ரீலோடு ஆகாத தனி மாட்யூலில் வெறும் டிக்ஷனரியாக (பெயர்-மதிப்பு ஜோடிகளாக) வையுங்கள். ஒரு வெர்ஷன் எண்ணும் சேருங்கள். ரீலோடு முடிந்ததும் எண்ணைப் பார்த்து டேட்டாவை மாற்றி, ஆப்ஜெக்டுகளைப் புதிதாகக் கட்டுங்கள்.