தந்தி பேப்பர்ல இருக்கறது தந்தி டிவில ஏன் இல்ல?

தந்தி டிவி யாரோடதுன்னு கேட்டா பாதிப் பேரு சரியா சொல்லிடுவாங்க, தினத்தந்திக்காரங்களோடதுன்னு. ஆனா மாலை முரசு யாரு ஆரம்பிச்சது, தினகரன் முதல்ல யாரு கைல இருந்துச்சு, ராணி, தேவி, கண்மணி, மாலை மலர், ஹலோ எஃப்எம் இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுன்னு கேட்டா முழிப்பாங்க. எல்லாத்துக்கும் வேரு திருச்செந்தூர் பக்கத்துல இருக்கற காயாமொழிதான். அங்க பொறந்த சி.பா.ஆதித்தனார், அவரோட பசங்க, மருமகன், பேரன்னு கிளை விட்டுப் போனதுதான் தமிழ் பத்திரிகை உலகத்துல கணிசமான பகுதி. இதை யாரும் மறைக்கல, ஆனா நாமளும் கேட்டதில்ல.

ஆதித்தனார் லண்டன்ல பாரிஸ்டர் படிச்சவரு. சிங்கப்பூர்ல வக்கீலா இருந்து நல்லா சம்பாதிச்சு, 1942-ல ஊர் திரும்பி, அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி மதுரைல 'தந்தி'யை ஆரம்பிச்சாரு, அதுதான் இன்னிக்கு தினத்தந்தி. உலகப்போர் நடந்துட்டு இருக்கற நேரம், பேப்பர் தட்டுப்பாடு, வைக்கோலைக் கூழாக்கி கையாலயே காகிதம் செஞ்சு வெயில்ல காயப்போட்டு அதுல அச்சடிச்சாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. லண்டன்ல அவரு பாத்த டெய்லி மிரர்தான் முன்மாதிரி. சாமானியன் காசு குடுத்து வாங்குற பேப்பர், படம் பெருசு, எழுத்து பெருசு, வாக்கியம் சின்னது. அந்த நேரத்துல தமிழ் பேப்பர்னா படிச்சவங்க படிக்கிறதுக்கு படிச்சவங்க எழுதறது. இவரு எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனை வாசகனா நினைச்சாரு. அந்தக் குடும்பத்தோட முதல் சொத்து அச்சு மெஷின் இல்ல, இந்த முடிவுதான்னு நான் சொல்லுவேன்.

இதைச் சும்மா புகழ்ச்சிக்கு சொல்லல. இன்னிக்கு தினத்தந்தில ஏதாவது ஒரு மாவட்டச் செய்தியை எடுத்துப் பாருங்க. "இன்னார் (வயது 42). கூலித்தொழிலாளி. இவருடைய மனைவி இன்னார் (38)." முற்றுப்புள்ளி. ஒவ்வொரு வாக்கியத்துலயும் ஒரே ஒரு தகவல். நாலு வரிக்கு ஒரு குட்டித் தலைப்பு, 'வாக்குவாதம்', 'போலீசில் புகார்', 'கைது'. செய்தியைப் படிக்காம அந்தக் குட்டித் தலைப்பை மட்டும் மேலேர்ந்து கீழ ஓட்டினாலே என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுடும். யாராவது பேசினா "அவர் கூறியதாவது:-" அந்தப் புள்ளி கோடோட. கடைசி வரி எல்லாருக்கும் மனப்பாடம், அந்த பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது. கிண்டல் பண்றோம், மீம் போடறோம், ஆனா இது ஒரு டிசைன். டீக்கடைல ஒருத்தன் சத்தமா வாசிக்க நாலு பேரு கேக்கறதுக்கு ஏத்த மாதிரி, பாதில டீ வந்து கவனம் சிதறினாலும் விட்ட எடத்துலேர்ந்து பிடிச்சுக்கற மாதிரி கட்டுன டிசைன். பள்ளிக்கூடத்தைப் பாதில விட்ட எத்தனையோ பேரு எழுத்தை மறக்காம இருந்தது இந்தப் பேப்பராலயும் கன்னித்தீவாலயும்தான். அந்த மூணு கட்டம் படம், சிந்துபாத், மூசா மந்திரவாதி சின்னதாக்கி வச்ச லைலா, அரை நூற்றாண்டு தாண்டியும் முடியல, எதாவது இழுத்துக்கிட்டே போனா "கன்னித்தீவு மாதிரி போகுது"ன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு.

அதே டிசைனால கெட்டதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். எல்லாத்தையும் ரெண்டு வார்த்தைத் தலைப்புக்குள்ள அடக்கற பழக்கம்தான் 'கள்ளக்காதல்' 'அழகி கைது' மாதிரி தலைப்பெல்லாம் வந்ததுக்கு காரணம். செத்துப்போன பொண்ணோட நடத்தையை தலைப்புல தீர்ப்பு சொல்லிட்டு, கொன்னவனோட பேரை மூணாவது பத்தில போடற பழக்கம் தமிழ் பேப்பர் எல்லாத்துலயும் இருந்துச்சு, ஆனா நடையை செட் பண்ணது தந்திதான், அதனால பழியும் அதுக்குத்தான் முதல்ல போகணும். இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்கு, முழுசா போகல.

சரி, சொத்துக்கு வரேன். 1959-ல மாலை முரசு, நெல்லைல ஆரம்பிச்சது. அது பின்னாடி மூத்த பையன் ராமச்சந்திர ஆதித்தன் பக்கம் போச்சு, தேவி, கண்மணி எல்லாம் அந்தக் கிளை. தினத்தந்தி இன்னொரு பையன் சிவந்தி ஆதித்தன் கைக்கு வந்துச்சு. ராணி வார இதழ் 1962-ல. 1977-ல மாலை மலர். 1984-ல ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டும் முகமூடி மாயாவியும் அதுல தமிழ் பேசினாங்க (அந்த பழைய புக்கை இன்னிக்கு சேகரிக்கிறவங்க சண்டை போட்டு வாங்குறாங்க). 2006-ல ஹலோ எஃப்எம். 2012-ல டிவி. 2015-ல இங்கிலீஷ் பேப்பர் டிடி நெக்ஸ்ட். நடுவுல திருச்செந்தூர்ல காலேஜ் மேல காலேஜ். சிவந்தி ஆதித்தன் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராவே இருந்திருக்காரு, 1987-லேர்ந்து 96 வரைக்கும். இப்ப நிர்வாகம் அவரோட பையன் பாலசுப்பிரமணிய ஆதித்தன் கிட்ட.

இதுல எனக்கு ரொம்ப சுவாரசியமா படறது மருமகன் கிளை. ஆதித்தனாரோட மருமகன் கே.பி.கந்தசாமி 1977-ல தினகரன் ஆரம்பிச்சாரு, மாமனாரோட பேப்பருக்கு நேர் போட்டி. அதை 2005-ல சன் குழுமம் வாங்கி, விலையை ஒரு ரூபாயாக்கி, மத்த பேப்பர்காரங்க வயித்துல புளியைக் கரைச்சாங்க. எப்படி முடிஞ்சுது? 1993-லேர்ந்து சன் டிவி சீரியல்லயும் சினிமாலயும் வந்த பணம் பின்னாடி நிக்குது, பேப்பர்ல நஷ்டம் வந்தாலும் தாங்கும். பேப்பர் கம்பெனி டிவிக்கு போறதும் டிவி கம்பெனி பேப்பருக்கு வர்றதும் ஒண்ணு இல்ல. டிவிக்காரங்களுக்கு பேப்பர் ஒரு கூடுதல் கை. அந்தக் கை எவ்வளவு சூடான எடத்துல இருந்துச்சுன்னு 2007 மே 9-ல தெரிஞ்சுது, கலைஞரோட அரசியல் வாரிசு யாருன்னு ஒரு கருத்துக்கணிப்பு போட்டதுக்கு மதுரை தினகரன் ஆபீசைக் கொளுத்துனாங்க, செத்தது கலைஞர் குடும்பத்து ஆளுங்க யாரும் இல்ல, அங்க வேலை பாத்த மூணு பேரு. பத்திரிகை சொத்துச் சண்டை, அரசியல் வாரிசுச் சண்டைன்னு நாம பேசும்போது இந்த மூணு பேரை சீக்கிரமா தாண்டிப் போயிடறோம்.

தந்தி டிவி வந்த கதை வேற மாதிரி. என்டிடிவியும் ஹிந்துவும் சேந்து 2009-ல சென்னைக்குன்னு ஒரு இங்கிலீஷ் சேனல் நடத்துனாங்க, என்டிடிவி ஹிந்து, அது ஓடல. அந்தக் கம்பெனியை தினத்தந்தி குழுமம் வாங்கி, 2012 நவம்பர் 13, தீபாவளி அன்னிக்கு தந்தி டிவின்னு காட்டுனாங்க. புதுசா லைசென்ஸ் வாங்க டெல்லிக்கு அலையறதை விட ரெடியா இருக்கறதை வாங்கறது புத்திசாலித்தனம்தான், இந்தத் தொழில்ல நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. ஆனா சேனலோட முகமும் அந்த இங்கிலீஷ் நியூஸ் சேனல் முகமாவே இருந்துச்சுங்கறது என் அபிப்பிராயம். ஒரு வருஷம் முன்னாடிதான் புதிய தலைமுறை வந்து 24 மணி நேர நியூஸ்னா இப்படித்தான்னு ஒரு அச்சு வார்த்து வச்சிருந்துச்சு, அதே அச்சுதான் இங்கயும். நாலு பேரு நாலு பெட்டில, நடுவுல நெறியாளர், கீழ ஓடற எழுத்து. ரங்கராஜ் பாண்டே இருந்த காலத்துல சேனலுக்கு பேரு வந்துச்சு, பிடிச்சவங்களும் திட்டுனவங்களும் தவறாம பாத்தாங்க, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த விவாதத்தைப் புரிஞ்சுக்க உங்களுக்கு ஏற்கனவே பத்து விஷயம் தெரிஞ்சிருக்கணும், எந்தத் தீர்ப்பு, எந்தப் பிரிவு, யாரு யாரை எப்ப என்ன சொன்னாங்க. பேப்பர்ல "இவருடைய மனைவி இன்னார் (38)"னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்குடுத்த கம்பெனி, டிவில வந்து தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பேசுது.

எஃப்எம் கதை இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டுல அதிகமா விக்கிற பேப்பர்களை நடத்தற வீடு, 106.4-ல ரேடியோ வச்சிருக்கு, ஆனா அதுல சொந்தமா ஒரு வரி நியூஸ் வாசிக்க முடியாது. தனியார் எஃப்எம்ல நியூஸ் கூடாதுன்னு அரசாங்க விதி, வேணும்னா ஆகாசவாணி செய்தியை அப்படியே போட்டுக்கலாம். ஊரு முழுக்க நிருபர் வச்சிருக்கறவன் மைக்கைப் புடிச்சு பாட்டு டெடிகேட் பண்ணிட்டு இருக்கான்.

ஓனர் விஷயத்துல ஒரு சின்ன தகவல், நிறைய பேரு கவனிச்சிருக்க மாட்டீங்க. பேப்பருக்குன்னு இருந்த பழைய விதிப்படி, வருஷா வருஷம் பிப்ரவரி முடிஞ்சதும் வர்ற முதல் இதழ்ல 'படிவம் 4'ன்னு ஒண்ணு போட வேண்டியிருந்துச்சு. அச்சிடறவர் யாரு, வெளியிடறவர் யாரு, ஆசிரியர் யாரு, ஒரு சதவீதத்துக்கு மேல பங்கு வச்சிருக்கறவங்க யாரு யாரு, எல்லாம் அதுல இருக்கும். பொடி எழுத்துல ஏதோ ஒரு மூலைல. டெண்டர் விளம்பரம்னு நினைச்சு நாம பொரட்டிட்டு போயிடுவோம். டிவி ஸ்க்ரீன்ல அப்படி ஒண்ணு ஓடி நான் பாத்ததே இல்ல. பேப்பர், டிவி ரெண்டையும் ஒரே கை எவ்வளவு வச்சிருக்கலாம்னு வரம்பு வேணும்னு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2014 ஆகஸ்ட்ல பரிந்துரை குடுத்துச்சு, கட்சிக்காரங்க சேனல் நடத்தறதே கூடாதுன்னும் அதுல இருக்கு. தமிழ்நாட்டுல அதைச் சட்டமாக்கினா ரிமோட்ல எத்தனை நம்பர் மிஞ்சும்னு கணக்கு போட்டுப் பாருங்க. பரிந்துரை பரிந்துரையாவே தூங்குது.

தந்தி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். ஆதித்தனாரே கட்சி நடத்தினவரு, 1958-ல நாம் தமிழர் கட்சி அவரு ஆரம்பிச்சதுதான், 67-ல சட்டசபை சபாநாயகரு, பின்னாடி கலைஞர் அமைச்சரவைல மந்திரி. பையன் காலத்துல பேப்பரை கட்சிலேர்ந்து விலக்கி வச்சாங்க, வியாபாரத்துக்கு அது உதவுச்சு. ஆனா கட்சி சார்பு இல்லாததும் கேள்வி கேக்கறதும் ஒண்ணு இல்லயே. 2017 நவம்பர்ல பவள விழாவுக்கு பிரதமரே சென்னை வந்தாரு. அந்த அளவுக்கு எல்லாருக்கும் வேண்டப்பட்டவங்களா இருக்கற வீட்டுலேர்ந்து ஒரு மந்திரியை ஆட்டி வைக்கிற புலனாய்வு செய்தியை நான் எதிர்பாக்கல, அவங்களும் அப்படி சொல்லிக்கிட்டதில்ல.

நான் எதிர்பாக்கறது அதை விட சின்னது. தாலுகா அளவுல செய்தி குடுக்கற ஆளுங்க பேப்பருக்கு இருக்காங்க. பாலம் பாதில நிக்கறது, ரேஷன் கடை திறக்காதது, கலெக்டர் ஆபீஸ் முன்னாடி மனு குடுத்தது, இதெல்லாம் தினமும் மாவட்டப் பக்கத்துல நாலு நாலு வரியா வருது. இதுல பெரும்பாலானது டிவிக்கு வர்றதே இல்ல, வந்தாலும் 'விரைவுச் செய்திகள்'ல மூச்சு விடாம ஓடிடுது. சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு விவாதத்தை நிறுத்திட்டு அந்த மாவட்டப் பக்கத்தை, அதே சின்ன வாக்கியத்துல, அதே குட்டித் தலைப்போட, யாரு என்னன்னு முதல்லேர்ந்து சொல்லி வாசிச்சா போதும். அதுக்கு புது லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல, புது ஆள் எடுக்க வேண்டியதில்ல, அன்னிக்கு காலைல அச்சடிச்ச பேப்பரே ஸ்டுடியோ மேஜைல இருக்கும்.