ஜப்பான் வீடியோ அனுப்பினது போதும், உடைஞ்ச கண்ணாடியைப் பேப்பர்ல சுத்திப் போடுங்க

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். பால் பாக்கெட் எடுக்கக் கீழே போனேன். மோட்டார் ரூமை ஒட்டின குழாயடியில், எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்கா குனிந்து நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஓடின தண்ணீர் சிவப்பாக இருந்தது. என்னாச்சுக்கா என்று ஓடிப்போய்ப் பார்த்தால், வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை பிளந்து கிடக்கிறது. போட்டிருந்த ரப்பர் உறை அந்த இடத்தில் கிழிந்து, விரல் நுனிகளில் ரத்தம் தேங்கியிருந்தது.

காரணம் ஒரு கறுப்பு கவர். உள்ளே முந்தாநாள் சாம்பார் சாதம், முட்டை ஓடு, குழந்தையின் டயப்பர், அதற்கு நடுவில் உடைந்த கண்ணாடி டம்ளர். எல்லாம் ஒன்றாய்க் கிடந்ததால் அந்த அக்கா கீழே கொட்டிக் கையால் பிரித்திருக்கிறார். பிரிக்காமல் கொண்டுபோனால் திட்டு அவருக்குத்தான் விழும், போட்டவர்களுக்கு இல்லை.

வீட்டுக்கு ஓடிப் பஞ்சும் துணியும் எடுத்துவந்து கட்டினேன். "டி.டி. ஊசி போட்டே ஆகணும்க்கா, வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "இன்னும் நாலு தெரு கிடக்கு கண்ணு. முடிச்சிட்டுப் போய்க்கிறேன். இதெல்லாம் எங்களுக்குப் பழகினதுதான்" என்று சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையோடே பேட்டரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பழகினதுதானாம். அந்தச் சொல் ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

கவருக்குள் ஒரு கூரியர் உறையும் இருந்தது. அதனால் எந்த வீடு என்று தெரிந்துபோனது. பெயர் வேண்டாம், இரண்டாவது மாடி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரையும் சுட்டாமல்தான் எழுதினேன். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றித் தனியாக வையுங்கள், இன்றைக்கு ஒரு பெண்ணின் கை கிழிந்துவிட்டது என்று. இரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஒருவர், "அதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்" என்றார். இன்னொருவர், "மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோம், இதையும் நாமளே பண்ணணுமா?" என்று கேட்டார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அந்தக் கறுப்பு கவரின் சொந்தக்காரர் அதே குழுவில் ஒரு வீடியோ அனுப்புகிறார். கால்பந்து ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் நீலப் பையை எடுத்து மைதானத்தைச் சுத்தம் செய்கிற காட்சி. கூடவே ஒரு வரி: "நம்ம நாடு எப்பதான் இப்படி மாறுமோ!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஆறு வருஷம் அந்த நாட்டில் குப்பை கொட்டியவள் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கொட்டியவள். 2012-லிருந்து 2018 வரை டோக்கியோவில், எதோகாவா பகுதியிலிருக்கும் நிஷி கசாயில் குடியிருந்தோம். 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள், அலுவலகங்களுக்கு நேராகப் போகும் தோசாய் ரயில் பாதை இருக்கிறதென்று குடியேறிய இடம் அது. தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாசம் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தேன். சில்லுகளை அள்ளிச் சமையல் குப்பையோடு போட்டு, முடிச்சுக் கட்டி, எல்லாரும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும், காக்கை கொத்தாமல் மேலே வலையை இழுத்து மூட வேண்டும். இரண்டையும் சரியாகச் செய்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அடுத்த வீட்டுப் பாட்டி, கையில் என் குப்பைப் பை. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வண்டிக்காரர்கள் எடுக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். பை ஒளி ஊடுருவும் பை என்பதால் உள்ளே இருப்பது தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாசலிலேயே உட்கார்ந்தார். கொண்டுவந்த செய்தித்தாளை விரித்தார். சில்லுகளை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, தடித்த பேனாவால் மேலே 'கிகென்' என்று எழுதினார். ஆபத்து என்று அர்த்தம். பிறகு தன் உள்ளங்கையை ஒரு விரலால் கீறிக் காட்டி, தெருப்பக்கம் கையை நீட்டி, "இதாய்" என்றார். வலிக்கும். தெருவில் வருகிற அந்த ஆளுக்குக் கை வலிக்கும். அவ்வளவுதான் பாடம். எரிகிற குப்பை வாரத்தில் இரண்டு நாள், எரியாத குப்பை மாசத்தில் இரண்டே நாள், பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடியும் லேபிளும் கழற்றி அலசிப் போட வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணையே பிறகு கையில் கிடைத்தது. அதெல்லாம் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அந்த 'இதாய்' மட்டும் மனசில் நின்றது.

ஊரில் எல்லாரும் ஜப்பான்காரன் சுத்தம் என்கிறார்கள். அது சுத்தமே இல்லை, ஞாபகம். தனக்கு அடுத்து இதைத் தொடப்போகும் கை ஒன்று இருக்கிறது என்ற ஞாபகம். அதையும் அவர்கள் வானத்திலிருந்து வாங்கி வரவில்லை. என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளி கொடுத்த பட்டியலில் பென்சில், குடையோடு சேர்த்துத் தரை துடைக்கும் துணியும் இருந்தது. பழைய துண்டை மடித்து நானே தைத்துக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து வகுப்பறையையும் நடைபாதையையும் துடைக்கும். டீச்சரும் கூட நின்று துடைப்பார். 1998-ல் முதல்முதலாக உலகக் கோப்பை ஆடப் பிரான்சுக்குப் போன காலத்திலிருந்து அந்த ரசிகர்கள் மைதானத்தில் செய்து வருவது வேறொன்றுமில்லை, ஆறு வயசில் தொடங்கிய பழக்கம்.

ஊர் திரும்பியதும் இங்கே ஒரு பள்ளியில் சேர்த்தோம். பெயர் சொல்லப்போவதில்லை. முதல் வாரமே வகுப்பில் யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள். இவள் எழுந்துபோய்த் துணி தேடியிருக்கிறாள். "அதுக்கு ஆயா இருக்காங்க, நீ உட்காரு" என்றார்களாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். ஒரு பெண் குழந்தைக்குள் இரண்டு வருஷம் ஊறின நல்ல பழக்கத்தை ஒரே வரியில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

அதுக்கு ஆள் இருக்காங்க. இந்த வரிதான் நம் வியாதி. யார் அந்த ஆள்? எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? அவருடைய அம்மா என்ன வேலை பார்த்தார், பாட்டி என்ன வேலை பார்த்தார்? கேட்டுப் பாருங்கள், பதில் எல்லாருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக இன்ன சாதிக்காரர் அள்ளுவார் என்று முடிவு கட்டிவைத்த ஊர் இது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் போட்ட பிறகும் மனிதர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். அள்ளப்போகிற கை நம் வீட்டுக் கை இல்லை என்று உறுதியாகத் தெரிவதால்தான் கண்ணாடியைச் சுற்றாமல் போடுகிறோம். இதைச் சொன்னால் "இதுல ஏன் சாதியை இழுக்கறீங்க" என்று கோபம் வருகிறது. நான் இழுக்கவில்லை, அந்த கவருக்குள்ளேயே அது இருந்தது.

ஜப்பான் இதில் யோக்கியமா என்றால், முழுக்க இல்லை. தோல் வேலை, பிணத்தோடு சேர்ந்த வேலை பார்த்தவர்களை அவர்களும் ஒதுக்கித்தான் வைத்தார்கள். அந்தப் பிரிவினையை 1871-லேயே சட்டப்படி ஒழித்தும், 2016-ல் மறுபடி ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. தனிமைக்கென்று 2021-ல் ஒரு அமைச்சரையே போட்ட நாடு அது. அந்தப் பாட்டியின் வீட்டுக்குள் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் போனதில்லை. அவர் கணவர் இறந்தது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பக்கத்துச் சுவர், அழுகைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துக் கிடந்தபோது யாரும் கதவைத் தட்டவில்லை. இங்கே எனக்கு உடம்பு சரியில்லை என்றால் மிளகு ரசம் வைத்து, சூடு ஆறுவதற்குள் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வருவது யார் தெரியுமா? அந்த இரண்டாவது மாடி வீட்டு அக்காதான்.

அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல். கெட்டவர்கள் என்றால் விட்டுத் தொலைத்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தளம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மூன்று நாள் கரண்ட் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியை முதுகில் சுமந்து இரண்டு மாடி ஏற்றிக்கொண்டு வந்தவர் இதே இரண்டாவது மாடிக்காரர். தன் படுக்கையை அவருக்கு விட்டுவிட்டு வராந்தாவில் படுத்தார். மொட்டைமாடியில் ஒரே அடுப்பு, எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து அழுதோம். 2015 வெள்ளத்திலும் இந்தச் சென்னை நகரம் அப்படித்தான் இருந்தது. முன்பின் தெரியாதவர்களைக்கூட வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு தெருவெல்லாம் கிடந்த சேற்றையும் அழுகல் குப்பையையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்களே, அவர்களில் எத்தனை பேரை நாம் வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்தோம்?

நம்முடைய ஈரமெல்லாம் தெரிந்த முகத்துக்கு, ஆபத்து வந்த நாளைக்கு. ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில், பெயர் தெரியாத ஒரு கைக்கு நம்மிடம் எதுவுமில்லை.

"சிங்கப்பூர் மாதிரி ஃபைன் போட்டா எல்லாரும் திருந்துவாங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து சொல்கிறார். சிங்கப்பூர் சுத்த இயக்கம் தொடங்கியது 1968-ல். அரை நூற்றாண்டு தாண்டி, 2021-ல், உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அபராதம் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அங்கே விடியற்காலையில் அடுக்குமாடிகளின் அடியில் பெருக்கிக்கொண்டிருப்பவர்களில் வங்கதேசத்துக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் உண்டு. கூலி கொடுத்து வைத்த கைகளால் ஊர் பளபளக்கலாம், அதைப் பார்த்துவிட்டு மக்களே மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் 'கேர்வோகே' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இந்த வாரம் மாடிப்படியும் வாசலும் பெருக்குவது உன் முறை என்று கதவில் ஒரு அட்டை தொங்கும். வாரம் முடிந்தால் அட்டை அடுத்த கதவுக்குப் போகும். டாக்டர் வீடானாலும் டிரைவர் வீடானாலும் முறை முறைதான். எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நாமே பெருக்குவதா என்ற நினைப்பு அந்த அறையில் அப்படியே நின்றது.

"அங்கே அரசாங்கம் சரியா இருக்கு" என்பது அடுத்த சாக்கு. 2016 திடக்கழிவு விதிகளை எடுத்துப் பாருங்கள். மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி இங்கேயும் அப்போதே எழுதித்தான் வைத்திருந்தது. டயப்பரை, நாப்கினைச் சுற்றித்தான் போட வேண்டும் என்றும் இருந்தது. நாம் பிரிக்காததெல்லாம் கடைசியில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் மலையாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றி எரிந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினோமே, மறந்துபோயிற்றா? கேரளாவில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அங்கேயும் முணுமுணுப்பு உண்டு, ஆனாலும் வீட்டுக்காரர்களே கழுவி வைக்கிறார்கள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான்.

ஒரு உடைந்த டம்ளரைச் சுற்ற எந்த அரசாங்கம் வர வேண்டும்? பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போடுவதற்கு எல்லார் வீட்டுப் பரணிலும் கட்டுக்கட்டாய்ப் பேப்பர் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு தாள். சுற்ற இரண்டு நிமிஷம். சிவப்புப் பேனாவில் 'கண்ணாடி' என்று நாலு எழுத்து. இதற்கு ஜப்பானில் பிறக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மாடிக்காரரிடம் நேராகவே போய்க் கேட்டேன். முதலில் அவர் கோபப்பட்டார். "என்னைக் குத்தவாளி ஆக்குறீங்களா? வேலைக்காரப் பொண்ணு கட்டி வெச்சது, எனக்கு என்ன தெரியும்?" என்றார். "சார், அன்னைக்குப் பாட்டியைத் தூக்கிட்டு வந்தீங்களே, அவங்க தவறி விழுந்து கை கிழிஞ்சிருந்தா இப்படிப் பேசியிருப்பீங்களா? இந்த அக்காவுக்கும் அதே வயசுதான் இருக்கும்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளேயிருந்து ரசம் கொதிக்கும் வாசம் வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

குப்பை எடுக்கும் அக்கா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. கை வீங்கிவிட்டதாம், வராத நாளுக்குக் கூலி கிடையாதாம், அவருக்குப் பதிலாக வந்த பையன் சொன்னான். அவன் கையில் உறையே இல்லை.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு கட்டுப் பழைய பேப்பரும், டேப்பும், கயிற்றில் கட்டின ஒரு சிவப்பு மார்க்கரும் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை.