கரு வரை போகத் தேவையில்லை
மேலே ஹட்டன் தம்பி உயர்தரப் பிள்ளைகளுக்காகப் போட்ட குறிப்பில், பெரியம்மைக் குடும்ப வைரஸ்கள் கலத்தின் கருவுக்குள் போய் அங்குள்ள நொதியத்தை வைத்தே படியெடுக்கின்றன (டி.என்.ஏயைப் பார்த்து ஆர்.என்.ஏ செய்கின்றன) என்று இருக்கிறது. அது பிழை, தம்பி. டி.என்.ஏ வைரஸாக இருந்தும் இவை கருவுக்கு வெளியே, குழியவுருவிலேயே பெருகுகின்றன. படியெடுக்கும் நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேசை வைரஸ் துகளுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகின்றன. இதே குடும்பத்து வக்சீனியா வைரஸில் 1967இலேயே கண்டுபிடித்த விஷயம்.

இதைவிடச் சுவாரசியம், அந்தப் படியெடுப்புப் புரதங்களுக்குத் துகள் கட்டுவதிலும் பங்கு உண்டு. பொலிமரேசோடு சேர்ந்திருக்கும் ஆர்.ஏ.பி.94 புரதம் உருவாகாமல் தடுத்தால், பார்வைக்குச் சரியான துகள்கள்தான் வரும், உள்ளே டி.என்.ஏயும் இருக்கும். ஆனால் பொலிமரேஸ் ஏறியிராது, ஆகவே தொற்றாது. முதற்கட்ட மரபணுக்களைப் படியெடுக்க உதவும் தொடக்கப் படியெடுப்புக் காரணியின் ஏ7 என்ற பகுதியைத் தடுத்தாலோ, துகளே ஒழுங்காக முதிர்வதில்லை.

அப்புறம், லயத்துப் பக்கம் வரும் கொப்புளிப்பானை இதோடு சேர்க்க வேண்டாம். அது ஹேர்ப்பிஸ் குடும்பம். கருவுக்குள் போவது அதுதான்.